பிக்கப் டிரக்கின் ‘பிக்கப்’ கூடுமா?
(அறிவியல் கட்டுரை)

மூச்சின்றி உயிர் இல்லை. இது மனிதனுக்கு மட்டுமன்று, மோட்டார் எஞ்சினுக்கும் பொருந்தும். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எஞ்சின் குடிப்பது எரிபொருளை என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது எரிபொருளைக் காட்டிலும் பன்மடங்கு காற்றையே குடிக்கிறது.

‘அப்படியானால் காற்று தாராளமாக நுழைய வழி செய்துவிட்டால் வண்டி துள்ளி ஓடுமே!’ என்று எவருக்கும் தோன்றும். இந்த ஓர் எண்ணத்தை நம்பி அமெரிக்க நாட்டில் பெரும் வணிகம் நடைபெறுகிறது. அங்கே ‘பிக்கப் டிரக்’ என்னும் சிறு லாரி மிகவும் பிரபலம். முன்புறம் கார் போன்ற அறையும் பின்புறம் திறந்த சரக்குத் தொட்டியும் கொண்டது அது. பண்ணை வேலைக்கும் கட்டட வேலைக்கும் குடும்பப் பயணத்துக்கும் அதுவே வாகனம். 1948-ஆம் ஆண்டு ஃபோர்டு நிறுவனம் தொடங்கிய ‘எஃப்’ வரிசை டிரக்குகள் இவ்வகையில் உலகப் புகழ் பெற்றவை.

இந்த டிரக்கின் உரிமையாளர் பலர், தொழிற்சாலையில் பொருத்தப்பட்டு வந்த காற்றுப் பெட்டியைக் கழற்றிவிட்டு, வெளிக்கடையில் வேறு காற்றுக் குழாயும் வடிகட்டியும் வாங்கிப் பொருத்துகின்றனர். விலை பெரும்பாலும் முந்நூறு டாலருக்கு மேல். பெடலை மிதித்தவுடன் வண்டி தாவும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. மிதித்தவுடன் எழும் அந்த வேகத்தை நம் ஊர் ஓட்டுநர்கள் ‘பிக்கப்’ என்பார்கள். ஆகவே நம் கேள்வி இதுதான்: பிக்கப் டிரக்கின் ‘பிக்கப்’ இதனால் கூடுமா? குழப்பம் வராதிருக்க, இனி வண்டியை டிரக் என்றும், மிதித்ததும் எழும் வேகத்தைப் பிக்கப் என்றும் குறிப்பிடுவோம்.

காற்று செல்லும் பாதை

முதலில் காற்று எந்த வழியாக எஞ்சினுக்குள் செல்கிறது என்று பார்ப்போம். வண்டியின் முன்புறத்திலோ சக்கரத்தின் மேல்மறைப்பை ஒட்டியோ உள்ள வாய் வழியாக வெளிக்காற்று நுழைகிறது. பெட்டிக்குள் மடித்து வைத்த காகித வடிகட்டி தூசியைப் பிடித்துக்கொள்கிறது. தூய காற்று ஒரு குழாய் வழியே சென்று, எவ்வளவு காற்று வருகிறது என்று கணிக்கும் உணர்கருவியைக் கடக்கிறது. பின்பு ‘திராட்டில்’ எனப்படும் வட்டத் தகட்டை அடைகிறது. அதைத் தாண்டினால் காற்றைப் பகிர்ந்தளிக்கும் அறை. அதற்கப்பால் சிலிண்டர்கள்.

இவற்றுள் திராட்டில் தகட்டை நன்கு நினைவில் கொள்ள வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் இதுவே காவற்காரன். ஓட்டுநர் மெல்ல மிதித்தால் சிறிதாகவும், அழுத்தி மிதித்தால் முழுவதுமாகவும் இது திறக்கிறது. சாதாரணமாகச் சாலையில் செல்லும்போது இது பெரும்பாலும் மூடியே இருக்கும். அதாவது, எஞ்சின் மூச்சை நாமே வேண்டுமென்று அடக்கி வைத்திருக்கிறோம்.

வீட்டுக் குழாயை எண்ணிப் பாருங்கள். திருகைச் சிறிதளவே திறந்து குடத்தை வைத்திருக்கிறோம். திருகுக்கு முன்னால் உள்ள பைப்பை இரண்டு மடங்கு அகலமாக மாற்றினால் குடம் விரைவில் நிரம்புமா? நிரம்பாது. தடை பைப்பில் இல்லை, திருகில் இருக்கிறது. டிரக்கிலும் இதே கதைதான். இதை உவமையோடு விட்டுவிடாமல் எண்களால் பார்ப்போம்.

தண்ணீரால் ஒரு கணக்கு

நம் ஆய்வுக்கூடத்தில் ‘யு’ வடிவக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஊற்றி அழுத்த வேறுபாட்டை அளந்திருக்கிறோம். ஒரு பக்கம் உறிஞ்சினால் அப்பக்கத்துத் தண்ணீர் மேலேறும். எவ்வளவு சென்டிமீட்டர் வேறுபாடு தெரிகிறதோ அதுவே அழுத்த வேறுபாடு. வளிமண்டல அழுத்தம் முழுவதையும் இப்படி அளந்தால் ஏறக்குறைய 1033 சென்டிமீட்டர், அதாவது பத்து மீட்டருக்குச் சற்று மேற்பட்ட தண்ணீர் உயரம் ஆகும்.

இப்போது 5 லிட்டர் கொள்ளளவுள்ள எட்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2011-ஆம் ஆண்டு மாதிரி முதல் ஃபோர்டு எஃப்-150 டிரக்கில் இவ்வளவு பெரிய எஞ்சின் கிடைக்கிறது. இது நான்கு வீச்சு எஞ்சின். எனவே இரண்டு சுற்றுக்கு ஒரு முறை 5 லிட்டர் காற்றை இழுக்கும். ஒரு சுற்றுக்கு இரண்டரை லிட்டர். தகடு முழுவதும் திறந்து, நிமிடத்துக்கு 5000 சுற்று ஓடினால் நிமிடத்துக்கு 12,500 லிட்டர் காற்று செல்லும். கணக்கு எளிதாக இருக்கும் பொருட்டுச் சிறு இழப்புகளை விட்டுவிடுகிறோம்.

இந்த உச்சநிலையில், தொழிற்சாலை வடிகட்டியும் பெட்டியும் சேர்ந்து 20 சென்டிமீட்டர் தண்ணீர் அளவு தடை கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். காற்றோட்டம் குறைந்தால் தடை அதைவிட விரைவாகக் குறையும். ஓட்டம் பாதியானால் தடை ஏறத்தாழ கால் பங்காகும். ஓட்டம் பத்தில் ஒன்றானால் தடை நூறில் ஒன்றாகும்.

அடுத்து, டிரக் ஊருக்குள் மெல்லச் செல்வதாகக் கொள்வோம். சுற்று 1500. தகடு சிறிதே திறந்திருப்பதால் அதற்கப்பால் உள்ள அழுத்தம் வளிமண்டலத்தில் நூற்றுக்கு 40 பங்கு மட்டுமே. அப்போது செல்லும் காற்று நிமிடத்துக்கு 1500 லிட்டர்தான். இது உச்ச அளவில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவு. எனவே வடிகட்டியின் தடை 20 சென்டிமீட்டரிலிருந்து சுமார் 3 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும்.

அதே நேரத்தில் திராட்டில் தகடு கொடுக்கும் தடை எவ்வளவு? வளிமண்டலத்தில் நூற்றுக்கு 60 பங்கு. அதாவது 6 மீட்டருக்கு மேற்பட்ட தண்ணீர் உயரம்! ஒரு பக்கம் ஆறு மீட்டர், மறுபக்கம் மூன்று மில்லிமீட்டர். வடிகட்டியை அடியோடு எடுத்து எறிந்தாலும் மீதமாவது அந்த மூன்று மில்லிமீட்டரே.

இங்கே ஒரு தோழி எழுந்து, ‘பிக்கப் என்பது மெல்லச் செல்வதன்று, திடீரென்று அழுத்தி மிதிப்பதாயிற்றே!’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதே 1500 சுற்றில் ஓட்டுநர் பெடலை முழுவதும் மிதிக்கட்டும். தகடு திறந்துவிடும். இப்போது காற்று நிமிடத்துக்கு 3750 லிட்டர். இது உச்ச அளவில் பத்தில் மூன்று பங்கு. வடிகட்டியின் தடை ஏறக்குறைய 1.8 சென்டிமீட்டர். 1033 சென்டிமீட்டரில் இது ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை. மிதித்த அந்த நொடியில் இவ்வளவு சிறிய வேறுபாட்டை எந்த மனிதனாலும் உடலால் உணர முடியாது.

அப்படியானால் தாமதம் எங்கே?

மிதித்ததும் வண்டி தயங்குவது உண்மையே. ஆனால் காரணம் வேறிடத்தில் இருக்கிறது. இன்றைய டிரக்கில் பெடலுக்கும் திராட்டிலுக்கும் இடையே கம்பி இல்லை. பெடல் ஒரு மின் குறிப்பை மட்டும் அனுப்புகிறது. அதைப் படித்துத் தகட்டை எவ்வளவு, எவ்வளவு விரைவாகத் திறப்பது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. சக்கரங்கள் வழுக்காமலும், புகை மிகாமலும், பயணம் குலுங்காமலும் இருக்க அது சற்று நிதானமாகவே திறக்கும்.

அடுத்தது தானியங்கிக் கியர்ப் பெட்டி. பத்துக் கியர்கள் உள்ள டிரக்குகளும் இன்று ஓடுகின்றன. எரிபொருளைச் சேமிக்க உயர்ந்த கியரிலேயே அவை செல்கின்றன. ஓட்டுநர் மிதித்ததும் பெட்டி கீழ்க் கியருக்கு இறங்க வேண்டும். அதற்குச் சிறிது நேரம் பிடிக்கும். மூன்றாவது, வண்டியின் எடை. இரண்டு டன்னுக்கு மேற்பட்ட பாரத்தை நகர்த்துவது எளிதன்று. இம்மூன்றில் ஒன்றையும் காற்றுக் குழாய் மாற்றுவதில்லை.

டர்போ எஞ்சினின் கதை

டீசல் எஞ்சினில் ஆற்றலைக் கட்டுப்படுத்துவது காற்றுத் தகடு அன்று, உட்செலுத்தும் டீசலின் அளவே. இக்காலத்து டீசல்கள் சிலவற்றில் ஒரு தகடு இருந்தாலும் அது புகையைத் தூய்மை செய்யும் ஏற்பாட்டுக்காக உள்ளது. ‘டாட்ஜ்’ டிரக்கில் 1989-ஆம் ஆண்டு மாதிரி முதல் பொருத்தப்பட்ட 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் எஞ்சினுக்கு டர்போ உண்டு. பெட்ரோல் டிரக்குகளிலும் இன்று டர்போ பரவியுள்ளது.

டர்போ என்பது புகைக்காற்றின் வேகத்தால் சுழன்று, உள்ளே வரும் காற்றை அமுக்கித் தரும் சிறு விசிறி. மிதித்தவுடன் புகை பெருகி, விசிறி வேகம் பிடித்து, அழுத்தம் ஏறுவதற்குச் சிறிது நேரம் ஆகும். தாமதம் பெரும்பாலும் இந்த விசிறி வேகம் பிடிப்பதில்தான். அத்தொடக்க நொடிகளில் காற்றோட்டம் குறைவாதலால் வடிகட்டியின் தடையும் குறைவே. எஞ்சினின் ஆற்றலைப் பெரிதும் உயர்த்தி, பெரிய டர்போ பொருத்தி, முழுப் பாரத்தோடு மேட்டில் இழுக்கும் வண்டிக்கு அகன்ற காற்றுவழி உண்மையிலேயே தேவைப்படலாம். அது சாதாரண உரிமையாளரின் நிலைமையன்று.

பயன் அறவே இல்லையா?

அப்படிச் சொல்வதும் நேர்மையாகாது. எஞ்சின் உச்ச சுற்றில் முழு ஆற்றலோடு ஓடும்போது 20 சென்டிமீட்டர் தடை என்றோம். அதை முற்றிலும் நீக்க முடிந்தால், 1033-இல் 20, அதாவது நூற்றுக்கு இரண்டு பங்கு காற்று கூடும். 400 குதிரைத்திறன் எஞ்சினில் எட்டுக் குதிரைத்திறன் கிடைக்கலாம். வடிகட்டியே இல்லாமல் ஓட முடியாதாகையால், பாதித் தடையை நீக்கினால் நான்கு கிடைக்கும். பந்தய ஓட்டத்தில் இது மதிப்புள்ளது. கடைத்தெருவுக்குப் போய்வரும் டிரக்கில் உச்ச சுற்று எத்தனை முறை வரும்?

வடிகட்டி அடைபட்டுப் போயிருந்தால் நிலைமை வேறு. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் உள்ள ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடத்தார் 2009-ஆம் ஆண்டு இதை ஆராய்ந்தனர். கம்ப்யூட்டர் கட்டுப்பாடுள்ள புதிய பெட்ரோல் வண்டிகளில் அடைபட்ட வடிகட்டியை மாற்றியதால் எரிபொருள் செலவு குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஆனால் முழு மிதியில் வேகம் பிடிக்கும் நேரம் நூற்றுக்கு 6 முதல் 11 பங்கு வரை முன்னேறியது. கனரக டீசல் லாரிகளிலும் வடிகட்டியின் தடை 25 அங்குலம், அதாவது சுமார் 63 சென்டிமீட்டர் தண்ணீர் அளவை எட்டினால் மாற்ற வேண்டும் என்பது பொதுவான விதி. இதைக் காட்டப் பல லாரிகளில் சிறு அளவுகருவியே உண்டு.

இங்கே ஒரு பாடம் இருக்கிறது. பழைய அழுக்கு வடிகட்டியைக் கழற்றி, விலையுயர்ந்த குழாயைப் பொருத்தியவர் முன்னேற்றத்தை உணர்ந்திருக்கலாம். ஆனால் அது குழாயின் பெருமையா, அழுக்கு நீங்கியதன் பெருமையா? சில டாலரில் புதிய காகித வடிகட்டி வாங்கிப் போட்டிருந்தாலும் அதே முன்னேற்றம் வந்திருக்கும். இரண்டு மாற்றங்களை ஒரே நேரத்தில் செய்துவிட்டு ஒன்றுக்கு மட்டும் பரிசு கொடுப்பது சோதனை ஆகாது.

குளிர்ந்த காற்று என்னும் பெயர்

விற்பனைக்கு வரும் குழாய்கள் பலவற்றுக்குக் ‘குளிர்காற்றுக் குழாய்’ என்று பெயர். குளிர்ந்த காற்று அடர்த்தியானது என்பது உண்மை. 27 டிகிரி சென்டிகிரேடில் உள்ள காற்று 37 டிகிரிக்குச் சூடானால், அழுத்தம் மாறாதபோது அடர்த்தி நூற்றுக்கு மூன்று பங்குக்குச் சற்று மேல் குறையும். 57 டிகிரி ஆனால் ஒன்பது பங்கு குறையும்.

ஆனால் தொழிற்சாலைப் பெட்டியே பெரும்பாலும் வெளிக்காற்றைத்தான் இழுக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். மாற்றாக வாங்கும் குழாய்கள் சிலவற்றில் வடிகட்டி எஞ்சின் மூடிக்குள் திறந்தபடியே உட்கார்ந்திருக்கும். வண்டி மெல்ல நகரும்போது அது எஞ்சினின் அனற்காற்றையே இழுக்கும். தடையைக் குறைத்து இரண்டு பங்கு சம்பாதித்து, வெப்பத்தால் அதைவிட அதிகம் இழப்பது ஆதாயம் ஆகுமா?

காது செய்யும் மாயம்

இவ்வளவு இருந்தும், குழாயை மாற்றியவர்கள் பலர் ‘வண்டி இப்போது பறக்கிறது’ என்று உளமாரச் சொல்கின்றனர். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் காது சொல்வதைச் சொல்கின்றனர்.

எஞ்சின் காற்றை இழுக்கும்போது பெரும் ஓசை எழும். அதை அடக்கத் தொழிற்சாலையில் காற்றுப் பெட்டியோடு வெற்றறைகளை இணைக்கின்றனர். வாய் குறுகிய புட்டியின் மேல் ஊதினால் ஒரு குறிப்பிட்ட ஒலி எழுகிறதல்லவா? ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இவ்வகை ஒத்ததிர்வை விரிவாக ஆராய்ந்தார். அதே தத்துவத்தால் அவ்வறைகள் வேண்டாத ஒலியை விழுங்குகின்றன. புதிய குழாயில் அவை இருப்பதில்லை. மிதித்தவுடன் உறுமல் கேட்கிறது. உறுமலைக் கேட்ட மனம் வேகத்தையும் சேர்த்துக் கற்பித்துக்கொள்கிறது. பணம் கொடுத்து வாங்கிய பொருள் பயன் தர வேண்டும் என்ற ஆசையும் அதற்குத் துணை நிற்கிறது. ஓசையை விரும்பி வாங்குபவர் வாங்கட்டும். ஆனால் ஓசைக்கு வேகம் என்று பெயர் சூட்டலாகாது.

எதைப் பணயம் வைக்கிறோம்?

வடிகட்டியின் முதற்கடமை காற்றை விடுவது மட்டுமன்று, தூசியைத் தடுப்பதும் ஆகும். மண் தூசியில் உள்ள சிலிக்கா கடினமானது. அது உள்ளே புகுந்தால் சிலிண்டரையும் பிஸ்டன் வளையங்களையும் தேய்த்துவிடும். ஐ.எஸ்.ஓ. 5011 என்னும் அனைத்துலகத் தரமுறைப்படி வடிகட்டியின் தடை, தூசி பிடிக்கும் திறன், தூசியைத் தாங்கும் அளவு ஆகியவற்றைச் சோதிக்கிறார்கள். ஒரு வடிகட்டி 99 பங்கும் மற்றொன்று 97 பங்கும் தூசி பிடித்தால், வேறுபாடு இரண்டே பங்கு என்று தோன்றும். ஆனால் உள்ளே செல்வது முதலாவதில் ஒரு பங்கு, இரண்டாவதில் மூன்று பங்கு. எஞ்சினுக்கு அது மும்மடங்கு தூசி! பண்ணைச் சாலைகளில் ஓடும் டிரக்குக்கு இது சிறிய செய்தியன்று.

எண்ணெய் தடவிய துணி வடிகட்டிகளும் உண்டு. எண்ணெய் மிகுந்தால் அதன் துளிகள், காற்றை அளக்கும் சூடான மெல்லிய கம்பியில் படியலாம். அப்போது கம்ப்யூட்டருக்குத் தவறான கணக்கு செல்லும். பிக்கப் கூடுவதற்குப் பதில் குறையும்.

சட்டமும் உண்டு. கலிபோர்னியா மாநிலச் சாலைகளில், புகைக் கட்டுப்பாட்டைப் பாதிக்கக்கூடிய இத்தகைய மாற்றுக் குழாய்க்கு அம்மாநிலக் காற்று வள வாரியத்தின் அனுமதி எண் வேண்டும். 1975-ஆம் ஆண்டின் மாக்னுசன்–மாஸ் சட்டப்படி, வெளிக்கடைப் பொருளைப் பொருத்திய ஒரே காரணத்தால் அமெரிக்க நிறுவனம் உத்தரவாதத்தை மறுக்க முடியாது. ஆனால் அப்பொருளால்தான் பழுது வந்தது என்று நிறுவினால் மறுக்கலாம்.

எப்படிச் சோதிப்பது?

விளம்பரத்தை நம்ப வேண்டாம், எங்களையும் நம்ப வேண்டாம். சோதித்துப் பார்க்கலாம். வடிகட்டிக்கும் திராட்டிலுக்கும் இடையே ஓர் அழுத்தமானியை இணைத்து, முழு மிதியில் தடை எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அது மிகச் சிறியதாக இருந்தால் மாற்றுவதற்கே காரணம் இல்லை. தடை பெரிதாக இருந்தால் முதலில் புதிய காகித வடிகட்டி போட்டு மீண்டும் அளக்க வேண்டும்.

அதன் பிறகும் ஆசை தீராவிட்டால், போக்குவரத்து இல்லாத தனிப்பட்ட ஓட்டப்பாதையில், ஒரே கியரில், ஒரே வேகத்திலிருந்து தொடங்கி, குறித்த வேகத்தை எட்டும் நேரத்தைக் கருவியால் அளக்க வேண்டும். இரு குழாய்களையும் மாற்றி மாற்றிப் பல முறை ஓட்ட வேண்டும். எந்தக் குழாய் பொருத்தப்பட்டுள்ளது என்பது ஓட்டுநருக்குத் தெரியக் கூடாது. காற்றின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ள வேண்டும். காலையில் பழைய குழாயையும் உச்சி வெயிலில் புதிய குழாயையும் சோதித்தால் அது குழாய்ச் சோதனை ஆகாது, வெயில் சோதனை ஆகிவிடும்.

முடிவுரை

ஆக, நாம் கண்ட உண்மைகள் இவை. நல்ல நிலையில் உள்ள டிரக்கில் காற்றுக் குழாயை மாற்றுவதால், மிதித்தவுடன் எழும் பிக்கப் உணரும்படி கூடுவதில்லை. உச்ச சுற்றில் சிறிதளவு ஆற்றல் கூடலாம். அடைபட்ட வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றுவதே குறைந்த செலவில் கிடைக்கும் உறுதியான பயன்.

தோழியரே, நம்மில் பலர் டிரக் வாங்கப் போவதில்லை. ஆனால் நாளை நாம் வாங்கப் போகும் சோப்பு, தைலம், சத்துமாவு, மின்கருவி ஒவ்வொன்றும் ‘உபயோகித்தவர்கள் உணர்ந்தது’ என்ற சொல்லோடுதான் நம்மிடம் வரும். அப்போது இந்த மூன்று மில்லிமீட்டரையும் ஆறு மீட்டரையும் நினைத்துக்கொள்வோம். தடை எங்கே இருக்கிறது என்று அளந்த பிறகே பணப்பையைத் திறப்போம். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் மொழி. விசாரிப்பது என்பதற்கு அறிவியல் தந்த இன்னொரு பெயர் அளப்பது.